அண்ணனைப் பிடித்த மோகினி

அண்ணனை ஏரி மோகினி பிடித்துவிட்டது என்று தெருவே சொன்னபோது எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. எண்ணெய் வழியும் தலையும் எந்நேரமும் சண்டைக்கு நிற்கும் வாயுமாக இருந்த அந்தப் பதினாறு வயதுப் பையனிடம் மோகினி என்னத்தைக் கண்டாள்?

அப்போது நாங்கள் திருநின்றவூரில் ஏரியை ஒட்டி வாடகைக்கு இருந்தோம். அப்பா ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவார். அண்ணன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தான். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் லைட்டைப் போடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் வெகுநேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வரும். மல்லிகைப்பூ வாசம் அடிக்கிறதா என்று நைசாகப் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பேன். வியர்வை நாற்றம்தான் அடிக்கும். அப்படியும் பயம் போகவில்லை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அதுவரை தொடவே விடாத ஜாமெட்ரி பாக்ஸையும் கேரம் ஸ்டிரைக்கரையும் என் மடியில் வைத்தான். "உனுக்குத்தான், வச்சுக்கோ" என்றான், அவ்வளவு அன்பாக. என் அண்ணன் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. உள்ளேயிருந்து வேறு யாரோ பேசுகிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அப்பா பூசாரியை அழைத்து வந்தார். கற்பூரப் புகைக்கு நடுவே அண்ணன் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தான். பூசாரி உடுக்கையை அடித்து, "யாருடி நீ, சொல்லு" என்று அதட்டினார். நான்தான் பொறுக்கமாட்டாமல், "இது அண்ணனே இல்ல. அவன் சாமானெல்லாம் எனுக்குக் குட்த்துட்சி" என்றேன்.

உடுக்கை நின்றது. பூசாரி அண்ணன் பக்கம் குனிந்தார். "ஏன் நைனா குட்த்த?"

"எனுக்கு இனிமே எதுக்கு?" என்றான் அண்ணன்.

பூசாரி உடுக்கையைக் கீழே போட்டுவிட்டு அண்ணனின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். பேய்க்கே பயப்படாதவர் பயப்படுகிறார் என்றால் வந்திருப்பது எவ்வளவு பெரிய பேயோ என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அண்ணாத்தே, இது மோகினி இல்ல. புள்ளைய ஒரு நிமிசம் தனியா உடாத. காலைல மொத வண்டிக்கே பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. மனசுக்குன்னே டாக்டருங்க கீறாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தன் சொந்தத் தம்பிக்கும் இப்படி உடுக்கை அடித்து, கடைசியில் அவனைப் பறிகொடுத்தவர் அவர் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

அன்றிரவு அப்பா அண்ணனின் கையை விடவேயில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் நெடுநேரம் பேசினார். மாத்திரை கொடுத்து, வாராவாரம் வரச் சொன்னார். அப்பா லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனார். பிள்ளைக்கு என்ன என்று கேட்டவர்களிடம், "மனசு சரியில்ல, வைத்தியம் பாக்குறோம்" என்று மறைக்காமல் சொன்னார். ஆனாலும் வெகுநாள் வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

ஒரு காலையில் என் தட்டிலிருந்த முறுகல் தோசையை அண்ணன் வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். "போடி குண்டச்சி" என்று தலையில் குட்டு வேறு வைத்தான். நான் ஓவென்று அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாவைக் கரண்டியில் எடுத்து அவனுக்கே இன்னொரு தோசை வார்த்தாள். ஆம்பளைப் பிள்ளை என்ன அட்டூழியம் செய்தாலும் இந்த வீட்டில் செல்லம்தான் என்று நான் அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.