அக்கா வீட்டில் நான்கு இரவு

எங்கள் அறையில் மூன்று பேர். அதில் ஒருவனுக்குச் சில்லறை என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். பஸ் காசை மிச்சம் பிடிக்க மழையிலும் நடந்தே கல்லூரிக்கு வருகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பேஸ்ட் தீர்ந்துபோனால் ட்யூபைக் கத்தரியால் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள், "படிப்பு முடியறதுக்குள்ள ஐரோப்பா போய்ட்டு வந்துடலாம்டா" என்றான். மூன்றாவது ஆளான தூக்கமூஞ்சி அதைக் கேட்டுப் படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

சில்லறையின் அக்கா அங்கே ஓர் ஊரில் இருந்தார். அப்பா இல்லாத குடும்பம். இவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும், மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புவதும் அவர்தான். பெரிய கம்பெனியில் மேனேஜர் என்று சொல்லியிருந்தார். வட்ட ஜன்னல், மஞ்சள் சோபா, மாடிப்படி எல்லாம் தெரிகிற மாதிரி வீட்டுக்குள் நின்று அவர் எடுத்தனுப்பிய படத்தை அம்மா சட்டம் போட்டு மாட்டியிருந்தாராம். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாராம். இவனும் சும்மா இல்லை, எங்களுக்கே நூறு தடவை காட்டியிருப்பான்.

திட்டம் என்றால் அப்படி ஒரு திட்டம். டிக்கெட் மலிவு என்பதற்காக யாரும் போகாத கடுங்குளிர் மாதம். ஆளுக்கு ஒரு சின்னப் பைதான் இலவசம் என்பதால் மூன்று சட்டையை மேலேயே மாட்டிக்கொள்வது. ஊர் விட்டு ஊர் போவது ராத்திரி பஸ்ஸில். படுக்கைச் செலவு மிச்சம். பகலில் ரொட்டியும் அவித்த முட்டையும். கட்டணம் இல்லாத நாளில் மட்டும் அருங்காட்சியகம். இத்தனையும் நின்றது ஒரே ஒரு தூணில்.

"நாலு நாள் அக்கா வீடு இருக்குடா. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கவலையே இல்ல."

அக்காவிடம் பேசினான். எந்தத் தேதி என்று அவர் இரண்டு தடவை கேட்டாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, மறுநாள் அவரே கூப்பிட்டு, "தாராளமா வாங்கடா, உன் வீடுதானே" என்றாராம். நாங்கள் டிக்கெட் எடுத்தோம். விசாவும் வந்தது.

வினை தூக்கமூஞ்சி ரூபத்தில் வந்தது. "அக்கா ஊர்ல ரூம் எடுத்தா என்ன ஆகும்னு பாருடா. எவ்வளவு மிச்சம் பண்றோம்னு தெரிஞ்சா ஒரு சந்தோஷம்தானே" என்றான். நாள் வாடகைக்கு வீடு விடும் தளத்தைத் திறந்தேன். நாலாவதாக வந்த வீட்டில் வட்ட ஜன்னல், மஞ்சள் சோபா, அதே மாடிப்படி.

"அட, அக்கா வீட்டை வாடகைக்கு வேற விடறாங்களா?" என்று சிரித்தான் தூக்கமூஞ்சி. தங்கிப் போனவர்கள் போட்ட படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றில் வாளியும் துடைப்பமுமாக ஒரு பெண் ஓரத்தில் நின்றாள். அக்காதான். வேலைக்காரப் பெண் மிக நல்லவள், குளியலறை பளபளவென்று இருந்தது என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இத்தனை வருஷமா பெத்த அம்மாவையே ஏமாத்தியிருக்காங்களேடா" என்றேன். சில்லறை என் மேல் பாய்வான் என்று நினைத்தேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேதிய பாரு" என்றான்.

நாங்கள் போகிற நான்கு இரவுகளும் வேறு யாரும் எடுக்க முடியாதபடி அடைக்கப்பட்டிருந்தன. அதற்கு முன்னும் பின்னும் மாதம் முழுக்கக் காலி. அவன் வெளியே போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தான்.

"அக்கா இந்த மாசம் பணம் அனுப்பலயாம். அடுத்த மாசமும் கொஞ்சம் பொறுத்துக்கம்மான்னு சொன்னாளாம்" என்றவன், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதான். ஒரு பைசாவுக்கு மூக்கால் அழுகிறவன் என்று கிண்டல் செய்திருக்கிறேன். அவன் நிஜமாக அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"விசா கிடைக்கலன்னு சொல்லிடலாம்டா" என்றேன்.

தூக்கமூஞ்சி தளத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினான். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பக் கிடைக்காது. நாங்கள் போகாவிட்டாலும் அந்த நான்கு இரவுக்கு அக்கா கட்டிய காசு போனது போனதுதான்.

"போலாம். வீடு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்கடா. வேற எதுவும் கேக்காதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றான் சில்லறை.

போனோம். அக்கா ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். எந்த சுவிட்ச் எதற்கு, எந்த அலமாரியில் எந்தக் கரண்டி என்று ஒன்றுக்கும் தேடவில்லை, இருட்டிலேயே நடமாடினார். சொந்த வீட்டுக்காரருக்குக்கூட அவ்வளவு தெரியாது. காலையில் நாங்கள் எழுவதற்குள் "ஆபீஸ்" போய்விடுவார். திரும்பி வரும்போது கை வெளுத்து, விரல்கள் வெடித்து, மேலெல்லாம் சோப்பு வாடை. நாங்களும் எங்கள் பங்குக்கு, "வீடு பிரமாதம்க்கா" என்று வாய் வலிக்கச் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. நாங்கள் குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிடுவார். எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

கடைசி நாளும் எங்களுக்குத் தட்டு வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.

"நீயும் உக்காருக்கா" என்றான் சில்லறை.

"இருக்கட்டும்டா. நீங்க சாப்பிடுங்க."

"காசு கட்டினவ நீதானே. உக்காந்து சாப்பிடு."

வேண்டுமென்றே சொன்னானா, வாய் தவறி வந்துவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு தம்பியிடம் கேட்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தட்டில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.