ஆபீசர்களின் கதவில் டைப்பிஸ்டுகளின் போர்டு

அந்தத் தொழிற்சாலையில் ஒரே பெண் நான்தான் என்று இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண்பதுகளின் தொடக்கம். பென்னலூர்ப் பக்கம் தகரம் வளைக்கும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். சம்பளக்காரி என்ற பெருமை ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் ஒரு பெரும் கஷ்டம் இருந்தது. அங்கே எனக்குக் கக்கூஸ் கிடையாது. இருந்தவை இரண்டு. ஒன்று ஆபீசர்களுக்கு, இன்னொன்று தொழிலாளர்களுக்கு. இரண்டுமே ஆண்களுக்கு.

அதனால் காலையில் அரை டம்ளர் காபியோடு சரி. சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன். ஆறரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டைப் பார்த்து ஓடுகிற ஓட்டத்தைக் கண்டு, "வேல முடிஞ்சா எங்கியும் நிக்காம வூட்டுக்கு வர்ற பொண்ணு" என்று பக்கத்து வீட்டு அம்மா தன் மகளுக்கு என்னை உதாரணம் காட்டினார்.

எங்கள் மேனேஜருக்குப் போர்டுப் பித்து. கதவு என்று ஒன்று இருந்தால் அது யாருடையது என்று இங்கிலீஷில் எழுதித் தொங்கவேண்டும். ஆபீசர்ஸ் டாய்லெட், டிரைவர்ஸ் ரூம், வொர்க்கர்ஸ் கேன்டீன் என்று பட்டியல் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"அபாஸ்ட்ரஃபியை எஸ்ஸுக்குப் பின்னாடி போடும்மா. முன்னாடி போட்டா ஒரே ஒரு டிரைவரோட ரூம்னு ஆயிடும். மத்தவன் சண்டைக்கு வருவான்" என்றார்.

எழுத வந்த பெயிண்டர் ஸ்ரீபெரும்புதூரில் பந்தல்களுக்கெல்லாம் நாமம் எழுதுகிறவர். தலைக்கு மேல் தொங்கும் அந்தக் காற்புள்ளியைச் சிவப்பு மையில், நடு நாமம் இடுகிற பக்தியோடு இட்டுக் கொடுத்தார்.

என் அறைக்கு டைப்பிஸ்ட்ஸ் ரூம் என்று எழுதச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

"நான் ஒருத்திதானே சார்?" என்று கேட்டேன்.

"நாளைக்கே இன்னொருத்தர் வந்தா போர்டை அழிச்சு எழுதுறதா? பன்மையிலயே இருக்கட்டும்."

அந்தத் தைரியத்தில் பட்டியலின் கடைசியில் லேடீஸ் டாய்லெட் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"நீ ஒருத்திதானேம்மா? ஒரு ஆளுக்காக டாய்லெட் கட்ட முடியுமா?"

அறைக்குப் பன்மையாக இருந்த நான் கக்கூஸுக்கு ஒருமையாகிவிட்டேன். வந்த கோபத்தில் அன்று அடித்த கடிதங்கள் எல்லாவற்றிலும் தப்பு.

போர்டு மாட்டிய பிறகு அதுதான் சட்டம். யார் பெயர் தொங்குகிறதோ அவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். மீறினால் மெமோ. மேனேஜரும் அதற்குக் கட்டுப்பட்டார். ஒருநாள் தலைவலி தாங்காமல் டீக்காக வொர்க்கர்ஸ் கேன்டீனுக்குப் போனவர், வாசலுக்கு வெளியே நின்றபடியே கை நீட்டி டம்ளரை வாங்கிக் குடித்தார். அந்த நேர்மையை நான் மறுக்கமாட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின், ஸ்பானர், லாரி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். போர்டு மட்டும் ஆயுதம் இல்லையா என்று மேனேஜர் அவற்றையும் கழற்றிக் கழுவச் சொன்னார். பொட்டு வைத்த பிறகு திருப்பி மாட்டும் வேலை வாட்ச்மேனுடையது. பென்னலூர்க்காரர், இங்கிலீஷ் தெரியாது. ஒரு கை நிறைய போர்டுகளோடு என்னிடம் வந்தார்.

"எல்லாம் ஒரே மாரி கீதும்மா. எது எங்கன்னு நீயே சொல்லு."

ஒவ்வொன்றாகச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று என்னுடையது, இன்னொன்று ஆபீசர்களின் கக்கூஸ். என்னுடையதைத் தூக்கிக் காட்டி, "இத்த எங்கம்மா மாட்ட?" என்றார். என் கை தானாகவே கக்கூஸ் பக்கம் நீண்டது.

"அங்கதாண்ணா."

விடுமுறை முடிந்து வந்த அன்று, வீட்டிலேயே இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். பத்து மணிக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கதவு தட்டப்பட்டது.

"யாரு உள்ள?" மேனேஜர் குரல்.

"டைப்பிஸ்ட் சார்."

"இது ஆபீசர்ஸ் டாய்லெட்!"

"போர்டைப் பாருங்க சார்."

ஷூ சத்தம் மெதுவாக விலகிப் போனது. அதே நேரம் கணக்குப் பிரிவு ஆபீசர், என் அறையில் தொங்கிய கக்கூஸ் போர்டை நம்பி அவசரமாக உள்ளே பாய்ந்து, டைப்ரைட்டரைப் பார்த்துத் திகைத்து நின்றாராம்.

வெளியே வந்தபோது வாட்ச்மேன் மேனேஜர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் சார் மாட்னேன். எனக்கு இங்கிலீசு தெரியாது சார்" என்றார். யார் சொல்லி மாட்டினேன் என்று மட்டும் சொல்லவே இல்லை. அவருக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட், மெமோ அடித்துக்கொண்டு வா என்று எனக்கு உத்தரவு.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் விரல் ஓடவில்லை. கடைசியில் வாட்ச்மேன் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயரை அடித்தேன். 'வேண்டுமென்றே செய்தது' என்று காரணமும் சேர்த்து, கொண்டுபோய் நீட்டினேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் நான் எங்க சார் போவேன்?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இதற்குப் போய் அழுகிறோமே என்று அவமானமாகவும் இருந்தது. எந்தக் கதவு யாருடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய அந்த மனிதர் இதை ஒருநாளும் யோசித்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மெமோவைக் கிழித்துப் போட்டார். "ஸ்பெல்லிங் வேற ரெண்டு தப்பு" என்றார்.

ஒரே மாதத்தில் ஸ்டோர் ரூம் ஓரமாக ஒரு கக்கூஸ் எழும்பியது. அதற்கும் போர்டு உண்டு. 'டைப்பிஸ்டின் டாய்லெட்' என்று இங்கிலீஷில். நான் ஒருத்திதான் என்பதால் சிவப்புப் புள்ளி இந்த முறை எஸ்ஸுக்கு முன்னால். சரிதான் சார் என்று நானும் தலையாட்டினேன். பூட்டு போட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்கள்.

முதல் நாள் ராணி மாதிரி சாவியைச் சுழற்றிக்கொண்டு போனேன். கதவுக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு ஓர் அம்மா நின்றிருந்தார். ஆபீஸையும் ஷெட்டையும் பெருக்க வரும் மூன்று பெண்களில் மூத்தவர்.

"டைப்பம்மா, இதுல இன்னா எய்திகீது?"

"டைப்பிஸ்டோட கக்கூஸ்னு எழுதியிருக்குக்கா."

"அப்ப நாங்க மூணு பேரும் சவுக்குத் தோப்புக்கேதான் போணுமா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு வருடம் தினமும் என் நாற்காலிக்கு அடியில் பெருக்கியவர். நான் காலைத் தூக்கிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரே பெண் நான்தான் என்று ஊரெல்லாம் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நான் வெளியே நின்றேன். அந்தப் பக்கமாக வந்த மேனேஜர் போர்டையும் சாத்திய கதவையும் வெளியே நிற்கும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நாங்க நாலு பேர் சார்" என்றேன்.