சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாசல்

என் மனைவி வீடு வரைபவள். பழைய வீடுகளோடு புது அறைகளைச் சேர்ப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரில் பாதி எனக்குச் சேரவேண்டும் என்பது என் கட்சி. கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக அவளுடைய டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவன் நான்தானே! "இழுத்துப் பிடிங்க, தொங்குது" என்பதைத் தவிர இதுவரை ஒரு பாராட்டும் வந்ததில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டப்போகும் அறைகளைத் தோட்டத்து மண்ணில் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் வரைந்துவிடுவாள். வீட்டுக்காரர்கள் ஒரு நாள் முழுக்க அதற்குள் குடித்தனம் நடத்தவேண்டும். நாற்காலி, பாய், பாத்திரம் எல்லாம் வெளியே வரும். சுவர்க் கோட்டை மிதித்தால் திட்டு விழும். தெருவே எட்டிப் பார்க்கும். எனக்கு மானம் போகும். அவள் அதையெல்லாம் சட்டை செய்வதே இல்லை.

அந்த வீடு புறநகரில், நூறு வயதைத் தாண்டிய ஓட்டு வீடு. பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இருந்ததால் முன்பக்கம் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கவேண்டும். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா அங்கே தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெளியூரிலிருந்த அவருடைய தம்பி, தன் மனைவி பிள்ளைகளோடு வந்து கூடவே இருக்கப்போகிறார். அதற்காகத்தான் பின்பக்கம் கண்ணாடியும் இரும்புமாகப் புதுக் கட்டடம்.

அளவெடுத்த அன்று அக்கா என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். "முதியோர் விடுதிக்கு ஃபாரம் வாங்கி எழுதி வச்சிட்டேன். கட்டடம் முடிஞ்சதும் கிளம்பிடுவேன். தம்பிகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்க்கா?"

"சின்னஞ்சிறுசுங்க சந்தோஷமா இருக்கப்போற இடத்துல நான் எதுக்குக் குறுக்கே?"

என் வாயில் ரகசியம் தங்காது. தெருமுனை திரும்புவதற்குள் மனைவியிடம் கொட்டிவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. "அவங்களுக்கும் சேத்துத்தானே வரையறேன்? எதையோ கவனிக்காம விட்டிருக்கேன்" என்றாள்.

பட்ட காலிலேயே இன்னொரு அடி. அதே வாரம், அனுமதி தரவேண்டிய அதிகாரி வரைபடத்தைத் திருப்பி அனுப்பினார். புதுச் சுவர் பழைய சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். எது பழையது, எது புதியது என்று பிரித்துத் தெரியவேண்டுமாம். மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் வீடு அமைதியாக இருந்தது என்று நான் வெளியே சொல்வதில்லை.

"மண்ணுல போட்டுப் பாத்துடலாம்" என்றாள் நான்காம் நாள். சுண்ணாம்பு மூட்டையைச் சுமந்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. தம்பி குடும்பம் கோட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. இல்லாத கதவைப் பிள்ளைகள் திறந்து திறந்து மூடினார்கள். அக்கா சமையலறைப் பின்கதவு வழியாக டீ கொண்டுவந்தார், தட்டு எடுத்துப்போனார். மாலையில் பார்த்தால் புது ஹாலின் பக்கச் சுவரில் ஓரிடம் மட்டும் சுத்தமாக அழிந்திருந்தது.

"சுவரை மிதிச்சது யாரு?" என்று பாய்ந்தேன். வாத்தியார் புத்தி போகுமா?

அக்கா ஒடுங்கிப்போனார். "நான்தான். கால் தானாப் போயிடுச்சு."

மனைவி குனிந்து காலடிகளைப் பார்த்தாள். சமையலறைக் கதவிலிருந்து புறப்பட்டு, சுவரைக் கடந்து, நேராகப் பக்கவாட்டு மதிலுக்குப் போயிருந்தன. ஒருமுறை இரண்டுமுறை அல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷச் சிநேகிதம். பேச்சும் கிண்ணங்களும் தினம் அந்த மதிலைத் தாண்டிப் போய்வருமாம். எங்கள் புதுச் சுவர் அந்த வழியைத்தான் அடைக்கவிருந்தது.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னக்கா?"

"ஊர்க்கதை பேசப் போறதுக்கு ஒரு வாசல் வேணும்னு எப்படிம்மா கேக்கறது?"

மனைவி செருப்பை உதறிவிட்டுக் கட்டடம் முழுவதையும் காலாலேயே அழித்தாள். "டேப்பை எடுங்க!" புதுப் பகுதி பழைய சுவரைவிட்டு நாலடி தள்ளிப் போனது. இடைவெளியில் இரண்டையும் இணைக்கும் கண்ணாடி நடைவழி. அதில் மதிலைப் பார்த்து ஒரு வாசல். பழையது எது, புதியது எது என்று அதிகாரிக்குப் பளிச்சென்று தெரியும். அக்காவின் வழியும் அப்படியே இருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டேப்பைத் தொங்கவிட்டேன், திட்டு வாங்கினேன்.

அதிகாரி ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதத்தில் கட்டடம் எழுந்தது. பார்க்கப் போனபோது அக்கா அந்த வாசலில் பக்கத்து வீட்டம்மாவின் கிண்ணத்தோடு நின்றார். உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மனைவியிடம் நீட்டினார். விடுதி ஃபாரம்.

"பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. அடுத்த வீட்டுக்கு வரைஞ்சுக்கோம்மா."

மனைவி அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? டேப்பைப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். அளப்பதற்குத்தான் அன்று அங்கே ஒன்றுமே இல்லை.