ஜம்பால் சார் கார் பார்த்துக்கொண்ட பதினெட்டு நாள்

எங்கள் குடியிருப்பின் நான்காம் வாசலில் ஜம்பால் சாரைத் தெரியாதவர்கள் கிடையாது. உலான்பாத்தரில் ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் மார்க்கெட்டுக்குப் போனால் யாராவது ஒருவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சார், நான் உங்க ஸ்டூடன்ட்" என்பான். சார் அதைக் கேட்காதது போல நடப்பார், ஆனால் நடை சற்று மெதுவாகும். நான் அவர் வீட்டுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் இருக்கிறேன். நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அவர் மனைவி தெல்கெர்மா அக்கா என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார்.

ஐந்தாம் மாடி சொலோங்கோவுக்கு ஒரு சுரங்கக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. டிசம்பர் கடைசியில் அவளை கோபிப் பாலைவனப் பக்கம் பதினெட்டு நாளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அவளோடு இருப்பது அப்பா சம்பூ மட்டும். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, படியைக் காலால் தடவித் தடவித்தான் இறங்குவார். ஐந்து மாதம் காத்திருந்து அவருக்கு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தாள். அவள் ஊர் திரும்பிய மறுநாள் காலை எட்டு மணி. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டாக்டருக்கு அதுதான் இங்கே கடைசி நாள்.

அவளுடைய கார், எங்கள் ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் அதே மாதிரி ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைப்ரிட். அதில் பெரிய பேட்டரி ஒன்று இருந்தாலும், வண்டியை எழுப்பிவிடுவது டிக்கிக்கு அடியில் இருக்கிற சின்ன பேட்டரிதான். அது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பிரயோஜனம் இல்லை. மைனஸ் முப்பதில் வண்டியைச் சும்மா போட்டு வைத்தால் சின்னது இரண்டு வாரம் தாங்குவதே பெரிது.

கிளம்புகிற அன்று சாவியைக் கொண்டுவந்து சாரிடம் கொடுத்தாள்.

"சார், ஒண்ணு விட்டு ஒரு நாள் அரை மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி வச்சாப் போதும். எப்படின்னு இந்தப் பேப்பர்ல எழுதியிருக்கேன்."

"பேப்பர் எதுக்கும்மா? கரன்ட் எனக்குப் புதுசா?"

"இருக்கட்டும் சார். இது கொஞ்சம் வேற மாதிரி வண்டி."

"எந்த மாதிரி வண்டியா இருந்தாலும் எலெக்ட்ரான் ஒண்ணுதான்."

பேப்பரை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் ஓட்டியது ஒரே ஒரு ரஷ்ய ஜீப். அதையும் விற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் கீழே இறங்கினார். கார் மூக்கின் மேல் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து மடித்து வைத்தார், உள்ளே உட்கார்ந்தார், பட்டனை அழுத்தினார். எதிரே விளக்குகள் எரிந்தன, ரேடியோ பாடியது, காற்றும் வந்தது. வண்டி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். அரை மணி நேரம் செய்தி கேட்டுவிட்டு அணைத்தார். ஒன்று விட்டு ஒரு நாள், தவறாமல். அவருக்கு அது பிடித்தும் போனது. ஓய்வு பெற்றபின் அவரை நம்பி யாரும் ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை.

ஒருநாள் தெல்கெர்மா அக்கா குப்பையைக் கொட்டப் போனவர் கார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

"என்னங்க, காத்து ஜில்லுன்னு வருதே. இஞ்சின் ஓடுதா?"

"ஹைப்ரிட்ல சத்தம் வராது."

"சத்தத்த விடுங்க. சூடு வரணுமில்ல? அந்தப் பேப்பர்ல என்னதான் எழுதியிருந்தா?"

"கதவைச் சாத்து, இருக்கிற சூடும் போயிடும்."

"இருந்தாத்தானே போறதுக்கு!" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

ஏழாவது தடவை போனபோது விளக்கு எரியவில்லை. கதவைக்கூட ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியால்தான் திறக்க முடிந்தது. பட்டனை அழுத்தினார். திரும்ப அழுத்தினார். அப்புறம்தான் பேப்பர் ஞாபகம் வந்தது. அந்தக் குளிரில், கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தார். நாலே வரி. பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தவும். ரெடி என்ற பச்சை விளக்கு எரிய வேண்டும். அது எரியாமல் மற்ற விளக்கு எரிந்தால் பேட்டரி ஏறாது, இறங்கும். நன்றி சார்.

அதாவது பன்னிரண்டு நாளும் அவர் பேட்டரியைக் காப்பாற்றவில்லை. ரேடியோ போட்டு, விசிறி போட்டு, தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்திருக்கிறார்.

சொலோங்கோ வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. குடியிருப்பின் மூலையில் பழைய சரக்குக் கன்டெய்னர் ஒன்றில் ஷிஜிர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். இருநூறு அடி நடந்து அவனிடம் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. ஷிஜிரும் சாரிடம் படித்தவன்தான். சார் அந்தப் பக்கம் பாதி தூரம் போனார். கடை வாசலில் நாலு டிரைவர்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பிசிக்ஸ் வாத்தியார் பிரேக்கை மிதிக்காமல் பன்னிரண்டு நாள் ரேடியோ கேட்டார் என்ற கதை சாயங்காலத்துக்குள் பத்து வாசலுக்கும் போய்விடும். திரும்பி வந்துவிட்டார். நாளைக்குக் கூட்டம் இல்லாதபோது போகலாம் என்று நினைத்தார். மறுநாளும் கூட்டம் இருந்தது. அதற்கு மறுநாள் அவர் போய்ப் பார்க்கவே இல்லை.

நடுவில் சொலோங்கோ போன் செய்தாள். "வண்டி எப்படி சார் இருக்கு?"

"நல்லா இருக்கும்மா," என்றார்.

அவள் வந்த மறுநாள் காலை மைனஸ் முப்பத்தாறு. ஏழு மணிக்குச் சம்பூவைக் கைபிடித்து இறக்கி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அவர் பட்டு இடைக்கச்சையோடு புது அங்கி போட்டிருந்தார். அவளிடமிருந்த இன்னொரு சாவியின் ரிமோட்டுக்குக் கார் திறக்கவில்லை. அதன் இரும்புச் சாவியால் திறந்து அப்பாவை உட்கார வைத்தாள், ஆனால் பட்டனுக்கு ஒரு விளக்கும் எரியவில்லை. நானும் மூன்றாம் வாசல் புரேவும் வெளியே வந்தோம். புரேவ் தன் வண்டி பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுக்க ஒயர் எடுத்துவந்தான். யாரோ ஷிஜிரைக் கூப்பிட்டார்கள். ஜம்பால் சாரும் இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

டிக்கி மின்சாரம் இல்லாமல் திறக்காது. ஷிஜிர் பின்சீட்டின் மேல் ஏறி, தலைகீழாகத் தொங்கி, மூடியை எடுத்து டார்ச் அடித்தான்.

"ஒயரை யாரும் மாட்டாதீங்க! பேட்டரி உறைஞ்சு வயிறு வீங்கிக் கிடக்கு. வெடிக்கும்."

"ரெண்டு மாசம் முன்னாடி நீதானேப்பா புதுசு போட்டே?" என்றாள் சொலோங்கோ.

"ஆமாக்கா. நல்ல பேட்டரி. ஸ்டார்ட் பண்ணாமப் போட்டிருந்தா..."

எல்லோரும் சாரைப் பார்த்தோம்.

"ஒண்ணு விட்டு ஒரு நாள் வந்தேன். ஒரு நாள் தவறல," என்றார் சார். பேட்டரி சாகும்வரைக்கும் அது உண்மை.

"அப்ப எப்படி சார்?" என்றாள் சொலோங்கோ.

நிறைந்த பேட்டரி மைனஸ் ஐம்பதிலும் உறையாது, காலியானதுதான் உறையும் என்று வருடா வருடம் வகுப்பில் சொன்னவர் அவர். கரும்பலகையில் அதற்கு ஒரு வரைபடமே போடுவார். அந்த மனுஷன் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உள்ள செல் ஏதாவது கோளாறா இருந்திருக்கும். புதுசுலயும் அப்படி வர்றதுண்டு."

ஷிஜிர் டார்ச்சை அணைத்தான். சாரை ஒருதரம் நன்றாகப் பார்த்தான். பிறகு, "சார் சொன்னாச் சரி. வேற போட்டுத் தரேன்க்கா. காசு வேணாம். ஆனா இப்ப கையில இல்ல, மத்தியானம் ஆகும்," என்றான்.

"மத்தியானம் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கெட்டுப்போனதை விக்கிறதுக்கு உனக்கு என் அப்பாதான் கிடைச்சாரா?"

சம்பூ குளிர்ந்த காருக்குள் நேராக உட்கார்ந்திருந்தார். "கத்தாதேம்மா. அவன் வேணும்னா செஞ்சான்?" என்றார், குரல் வந்த பக்கமெல்லாம் திரும்பி.

நெரிசலைக் குறைக்க நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணை வைத்துப் போட்ட கட்டுப்பாட்டில், அன்று பாதி வண்டிகள் ரோட்டுக்கு வரக் கூடாத நாள். புரேவின் வண்டிக்கும் அதே நிலைமை. எட்டு மணிக்குத்தான் ஒரு வாடகைக் கார் நின்றது. நெரிசலில் ஊர்ந்து ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சம்பூவின் இடத்தில் வேறு ஒருவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த தேதி ஏப்ரல்.

சாயங்காலம் குடியிருப்பு குரூப்பில் சொலோங்கோ எழுதினாள்: "ஷிஜிர் கடையில் பேட்டரி வாங்காதீர்கள். என் அப்பா இன்னும் மூன்று மாதம் இருட்டில் இருக்கப்போகிறார்." அறுபது பேர் கட்டைவிரல் போட்டார்கள். மறைப்பானேன், நானும் போட்டேன். ஸ்டார்ட் ஆகாமல் நின்ற என் வண்டிக்காக அவனிடம் சொல்லிவைத்திருந்த பேட்டரியையும் வேண்டாம் என்றேன்.

தெல்கெர்மா அக்கா அதை வீட்டில் சத்தமாகப் படித்திருக்கிறார். சார் உப்பு டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாராம். மூன்று நாள் ஜன்னல் பக்கமே போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் ஷிஜிர் கடை தெரியும். வாசலில் டிரைவர் கூட்டம் இல்லை. நான்காம் நாள் காலை அக்கா கோட்டுக்குப் பொத்தான் தைக்க எடுத்தபோது உள்பையில் அந்தப் பேப்பர் கிடைத்தது. படித்தார். மேஜையில் அவர் முன்னால் விரித்து வைத்துவிட்டு, மாவு பிசையப் போய்விட்டார்.

"திட்டியிருந்தா ஏதாவது பதில் சொல்லியிருப்பாரு. அதான் திட்டல," என்றார் என்னிடம்.

அரை மணி நேரத்தில் சார் ஷிஜிர் கடையில் இருந்தார். இப்போது உள்ளே வேறு யாரும் இல்லை. அது நல்லது என்று ஒரு கணம் நினைத்ததாகவும், யாரால் கூட்டம் இல்லை என்பது உடனே உறைத்ததாகவும், அந்த வெட்கம்தான் தாங்க முடியவில்லை என்றும் பிற்பாடு அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

"ஷிஜிர், அந்த பேட்டரியில கோளாறு இல்ல. நான் பிரேக்கை மிதிக்காமலே பட்டன அழுத்திட்டிருந்தேன்."

ஷிஜிர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் சார்."

"எப்படி?"

"காலியானாத்தானே உறையும்? நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க."

"அப்ப ஏன்டா அங்கேயே சொல்லல?"

"வாத்தியார் பொய் சொல்றாருன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படி சார் சொல்றது? எனக்கே வெக்கமாப் போச்சு."

சார் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கோ."

"எங்கிட்ட ரகசியமா மன்னிப்புக் கேட்டு என்ன சார் ஆகப் போகுது? நாலு நாளா ஒரு ஆள் வரல. என் பொண்டாட்டி கேக்கறா, நிஜமாவே பழசத்தான் வித்தியான்னு. குரூப்புல போடுங்க. முடியாதுன்னா டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."

சார் டீ குடிக்காமல் எழுந்து நேராக ஐந்தாம் மாடிக்கு ஏறினார். கதவைத் திறந்த சொலோங்கோ உள்ளே வாருங்கள் என்று சொல்வதற்குள், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். போனில் நல்லா இருக்கு என்று சொன்னதையும் விடவில்லை.

"அஞ்சு நாளாத் தெரிஞ்சிருந்துதா சார்?" என்றாள். "ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா நான் வேற வண்டி சொல்லி வச்சிருப்பேன். பேட்டரி போனா போகுது. வாய் தொறந்து சொல்றதுக்கு உங்களுக்கு என்ன சார்?"

"வெக்கம்மா."

"அந்த வெக்கத்துக்கு எங்கப்பா கண்ணா?"

உள்ளேயிருந்து சம்பூ கேட்டார்: "யாரு, வாத்தியாரா? உள்ள வரச் சொல்லேன்." அவள் நகரவில்லை. சார் சாவியை நீட்டினார். அதுவரை அது அவரிடமே இருந்தது, திருப்பிக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை, கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

குரூப்பில் எழுத அவருக்கு அன்று முழுக்க ஆயிற்று. கடைசியில் வந்தது மூன்றே வரி: "சொலோங்கோவின் கார் பேட்டரி கெட்டது என்னால். ஷிஜிரின் பேட்டரி நல்லது. எனக்குத் தெரிந்தே அவன் மேல் பழி போட்டேன். ஜம்பால்." அதற்கு யாரும் கட்டைவிரல் போடவில்லை. சார் காரில் செய்தி கேட்டதைப் பார்த்திருந்த ஒருவன் மட்டும் ரேடியோ படம் போட்டான், பிறகு அவனே எடுத்துவிட்டான். நான் மறுநாள் ஷிஜிரிடம் போய் என் பேட்டரியை வாங்கினேன். "சரிக்கா," என்றான். மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் திரும்பியது. ஆறாம் வாசல்காரர்கள் சிலர் மட்டும் இன்றுவரை வேறு கடைக்குத்தான் போகிறார்கள். குரூப்பில் முதல் செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் இரண்டாவதைப் படித்தார்களா என்ன?

பிப்ரவரியில் வெள்ளை மாதப் புதுவருடம் வந்தது. வழக்கமாக முதல் நாள் சார் வீட்டுப் படியில் காலணி வைக்க இடம் இருக்காது. அந்த வருடமும் அக்கா பூஸ் என்கிற இறைச்சிக் கொழுக்கட்டை எண்ணூறு பிடித்து வைத்திருந்தார். சார் நல்ல அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் உள் அறைக்கு எழுந்து போனாராம். ஷிஜிர் வந்து நேராக உள் அறைக்கே போனான். இரண்டு கையையும் நீட்டி சார் கைக்கு அடியில் தாங்கி மரியாதை செய்தான், மூன்று பூஸ் தின்றான், பத்து நிமிடத்தில் எழுந்தான். சொலோங்கோ வரவில்லை.

ஏப்ரலில் சம்பூவுக்கு ஆபரேஷன் நடந்தது. கூட வருவதாக சார் சொல்லி அனுப்பினார், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு வாரம் கழித்து நான் சாரோடு படி ஏறிக்கொண்டிருந்தபோது சம்பூ மேலேயிருந்து இறங்கி வந்தார், கைப்பிடியைத் தொடாமல். சார் சுவரோடு ஒதுங்கினார். சம்பூ அவர் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார்.

"வாத்தியாரே, குரலைக் கேட்டு உங்களை இன்னும் வாலிபமா நெனச்சிட்டிருந்தேன்."

"ஜனவரியிலேயே பாத்திருக்கணும் நீங்க. என்னாலதான்..." என்றார் சார்.

"ஆமா, உங்களாலதான்," என்றார் சம்பூ சாதாரணமாக. "சீட்டு ஆட வருவீங்களா? இப்ப எனக்குச் சீட்டு தெரியுது. சொலோங்கோ ஆபீஸ் போனப்புறம் வாங்க."

சார் போகிறார். ஐந்தரைக்கு அவள் வருவதற்குள் கீழே இறங்கிவிடுகிறார்.