பனியில் செதுக்கிய ஹீட்டர்

மச்சாள் சமைக்கும் குசினியின் சுவரில் ஒரு நாட்காட்டித் தாள் ஒட்டியிருந்தது. போன வருடத்துப் பெப்ரவரி மாதத் தாள். ஜப்பானில் நடக்கும் பனிச் சிற்பத் திருவிழாவின் படம் அதில் இருந்தது. மூன்று மாடிக் கோட்டை ஒன்று; கூரை, யன்னல், படிக்கட்டு எல்லாமே பனி. அதன் முன்னால் மனிதர்கள் எறும்பளவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் மச்சாளும் வேலை செய்த தையல் தொழிற்சாலைக்கு ஜப்பான் மெஷின் விற்றவர்கள் வருடா வருடம் கொடுக்கும் நாட்காட்டி அது. படம் வடிவாக இருக்கிறதென்று அவள் அதைக் கிழித்துவந்து ஒட்டவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் சுவர் வெடித்து, அந்த வெடிப்பால் குளிர்காற்று வந்தது. தடித்த வழுவழுப்பான தாள், காற்றை மறிக்கும் என்றுதான் ஒட்டினாள். வெளியே காற்று அடித்தபோதெல்லாம் ஜப்பான் கோட்டை ஒருமுறை உப்பி, ஒருமுறை ஒட்டி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. மட்டக்களப்புப் பெண். அண்ணை அவளைக் கனடாவில், மொன்ட்ரியாலில் கண்டு, தானாக விரும்பிக் கட்டினார். ஊரில் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் யாழ்ப்பாணத்துச் சொந்தம் முகத்தைச் சுளித்தது. நானும்தான் சுளித்தேன், இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதை ஒளித்து என்ன வரப்போகிறது? அவள் அதைக் கவனித்தாள். அடுத்த கிழமையே எனக்குப் பக்கத்து மெஷினில் வந்து உட்கார்ந்து, "மச்சாள், நூல் அறுந்தாக் கூப்பிடுங்ககா" என்றாள், முறைப்படி என்னையும் மச்சாளாக்கி, தன் ஊர்க் 'கா'வும் போட்டு. அன்றிலிருந்து நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர்கள் வீடு செயின்ட்-மிஷேல் பகுதியில், பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது. குடிபுகுந்த அன்று புதுப் பானையில் பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழியத்தானே வேண்டும்! வழிந்தது, மின்னடுப்பில் விழுந்து கருகியது, புகை எழும்பியது, கூரையிலிருந்த எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. மேல்வீட்டு ஹெய்ட்டி நாட்டுப் பெண் நெருப்புப் பிடித்துவிட்டதென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள். மச்சாள் அவளைப் பிடித்து உட்காரவைத்துப் பால் குடிக்கக் கொடுத்தாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் சிநேகிதம் அன்றைக்கே பிடித்துவிட்டது.

கட்டடம் முழுவதற்கும் நிலவறையில் ஒரே ஒரு கொதிகலன். அதிலிருந்து சுடுநீர் குழாய்வழியே வந்து ஒவ்வொரு வீட்டு ஹீட்டரையும் சூடாக்க வேண்டும். நவம்பரில் அது படுத்துவிட்டது. வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தால் "துமென், மதாம்" என்பார். நாளைக்கு, அம்மா. அந்த நாளை டிசம்பரிலும் வரவில்லை. வாடகை வழக்குகளைப் பார்க்கும் சபைக்கு முறைப்பாடு எழுதிப் போட்டார்கள். விசாரணைக்கு மாதக்கணக்காகும் என்று பதில் வந்தது. "பிரெஞ்சில நான் வடிவாப் படிச்சது 'துமென்' எண்ட இந்த ஒரு சொல்லுத்தான்" என்பாள் மச்சாள். சமையலடுப்பின் கதவைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் கம்பளிக் கோட்டோடு இருந்து சோறு தின்றார்கள். அண்ணை சாதுவான மனுஷன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "உறைக்கக் கறி வை, அது போதும்" என்பார்.

ஜனவரியில் அவர்களுடைய எட்டு மாதப் பெண்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். பத்து நாளில் குழந்தை தேறிவிட்டது. வீட்டுக்கு அனுப்ப முன், வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று தாதி இங்கிலீசில் கேட்டாள். நான் பக்கத்தில் நின்று மச்சாளின் கையைக் கிள்ளினேன். "இருபத்திரண்டு பாகை எண்டு சொல்லும்" என்றேன். அவள் என்னைத் திரும்பியும் பாராமல், "பன்னிரண்டு" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குளிருக்குள் குழந்தையை அனுப்பினால் திரும்பவும் மூச்சிழுக்கும், வீடு சூடாகும்வரை விடமாட்டோம் என்றார் டாக்டர்.

எனக்கு வந்த கோபம்! ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "பிள்ளையை என்ர வீட்டுக்குக் கொண்டு வாரும். நெருக்கம்தான், பரவாயில்லை. இல்லாட்டி வேற வீடு பாருங்கோ. ஏன் இந்தப் பிடிவாதம்?" மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்களுக்கு இரண்டு அறைகள். என் பிள்ளைகள் இரண்டும் அப்போது இருமிக்கொண்டிருந்தன. அதையும் அவள் அறிவாள்.

"நான் பால் காய்ச்சிக் குடிவந்த வீடு மச்சாள்" என்றாள். "நான் ஏன் போக? சூடு தராதவன் சும்மா இருக்க, குளிரில கிடந்த நாங்க பெட்டி கட்டுறதா? என்ர புள்ள என்ர வீட்டுக்குத்தான் வரும்."

"உமக்குத் தலைக்கனம்" என்றேன்.

"ஓம்" என்றாள். கண்ணில் நீர் நின்றது. அதைத் துடைக்காமலே பஸ் ஏறினாள்.

அந்தக் கிழமைதான் மேல்வீட்டுப் பெண் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள். பக்கத்துப் பூங்காவில் குளிர்காலக் கொண்டாட்டம். யாரும் பனிச் சிற்பம் செய்யலாம், போட்டி, பரிசும் உண்டு. மூன்றுபேர் ஒரு குழு. அழுத்திக் கட்டிய பனிக்கட்டி ஒன்று ஆளுயரத்துக்குத் தருவார்கள். இரண்டு நாள் அவகாசம். பொருள்: எங்கள் வீடு. மச்சாள் தாளையும் பார்த்தாள், சுவரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஜப்பானையும் பார்த்தாள். "அவங்க கோட்டை கட்டட்டும். எங்கட வீட்டில என்ன கிடக்கு? செத்துப்போன ஹீட்டர்தான் கிடக்கு. அதைச் செய்வம்" என்றாள். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கப் பனியில் விளையாட்டா என்று நான் கேட்டேன். "விளையாட்டு இல்லகா. அந்தப் பூங்காவுக்கு எத்தனை சனம் வரும்? கதவைத் தட்டித் தட்டிச் சொன்னா ஒருத்தரும் கேக்கிற இல்ல. வந்து பாக்கட்டும்" என்றாள். மூன்றாவது ஆளாக என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டாள்.

சனிக்கிழமை காலை போனோம். மற்றக் குழுக்களிடம் ரம்பமும் உளியும் ஏணியும் இருந்தன. எங்களிடம் இரண்டு கறிக்கத்தி, ஒரு அகப்பை, மேல்வீட்டுப் பெண்ணின் பனி அள்ளும் சவள், பிறகு மச்சாளின் தேங்காய் துருவும் திருவலை. தொடங்க முன் அவள் செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை எடுத்துப் பனிக்கட்டியின் அடியில் நாலு மூலைக்கும் தெளித்தாள். எங்கள் ஆட்கள் எந்தக் காரியத்தையும் அப்படித்தானே தொடங்குவோம்! நானும் கும்பிட்டேன். ஹெய்ட்டிப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பழைய இரும்பு ஹீட்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விலா எலும்புபோல வரிசையாகத் தூண்கள், நடுவில் இடைவெளி, கீழே குட்டைக் கால்கள். அந்த இடைவெளிகளைத் தோண்டத் திருவலையின் பல் வைத்த நாக்கு அப்படியொரு தோது. மச்சாள் முட்டுக்காலில் நின்று தேங்காய் துருவுவதுபோலவே துருவினாள். பனி பூப்பூவாய் விழுந்தது. "இவ்வளவு தேங்காய்ப்பூவுக்கு ஒரு ஊருக்கே புட்டு அவிக்கலாம்" என்று தேநீர் கொண்டுவந்த அண்ணை சொன்னார். மாலையில் ஒருவரும் ஹீட்டர் இல்லையென்று சொல்ல முடியாத ஒன்று அங்கே நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலை போனால், எங்கள் ஹீட்டரைச் சுற்றிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "பிபி! பிபி!" மூத்திரமாம். முந்திய நாள் தெளித்த மஞ்சள் தண்ணீர் இரவு உறைந்து, நாலு மூலையிலும் நாய் காலைத் தூக்கியதுபோல் தெரிந்தது. ஒரு அம்மா தன் பிள்ளையைக் கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு உயிரே போய்விட்டது. "மானம் போச்சு, சுரண்டி எடுப்பம்" என்று கத்தியைத் தூக்கினேன்.

மச்சாள் என் கையைப் பிடித்தாள். அவளுடைய முகம் சிவந்திருந்தது. வெட்கமா கோபமா என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கோபம்தான். "மஞ்சளைச் சுரண்டுறதா? நான் சாமிக்கெண்டு தெளிச்சதை நாய் மூத்திரம் எண்டு ஒத்துக்கிறதா?" என்றாள். அண்ணையைத் திரும்பிப் பார்த்து, "வீட்டில இருக்கிற மஞ்சள்தூள் முழுக்கக் கொண்டு வாங்க. குங்குமமும். மறுகா சுவருக்குப் பூசுற தூரிகையும்" என்றாள். அண்ணை ஒரு கேள்வி கேட்கவில்லை, ஓடினார்.

வாளியில் கரைத்து அடியிலிருந்து பூசினோம். அடியில் நல்ல மஞ்சள், மேலே போகப்போக வெளிர். தூண்களுக்கு நடுவே தோண்டிய குழிகளில் குங்குமத் தண்ணீர். வெயில் பட்டதும், ஐயோ, அந்த ஹீட்டர் பற்றிக்கொண்டதுபோல எரிந்தது. வெள்ளை வெளேரென்ற பூங்காவில் எங்களுடையது மட்டும் தணல். மேல்வீட்டுப் பெண் அட்டை ஒன்றில் பிரெஞ்சில் எழுதி நட்டாள்: எங்கள் கட்டடத்து ஹீட்டர். நவம்பரிலிருந்து வேலை செய்யவில்லை. எங்கள் குழந்தை ஆஸ்பத்திரியில். இதாவது பார்க்கச் சூடாக இருக்கிறது. கீழே கட்டடத்தின் முகவரி.

சிரித்த பிள்ளைகள்தான் முதலில் வந்தார்கள். கையுறையைக் கழற்றி, அடுப்புக்கு நீட்டுவதுபோல் உள்ளங்கைகளை ஹீட்டருக்கு நீட்டினார்கள். பிறகு பெரியவர்களும் பகிடியாக, சிரித்தபடி நீட்டினார்கள். நீட்டிய கையோடு அட்டையை வாசித்தார்கள். வாசித்தபிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு வயதானவர் மச்சாளிடம் வந்து, உண்மையா என்று பிரெஞ்சில் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் பூங்காவின் மறு கோடிக்குப் போய், உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளரைத் தோளில் பிடித்துக் கூட்டிவந்தார்.

மத்தியானம் அமைப்பாளர் வந்தார். பண்பான மனிதர். விதிப்படி நிறம் கூடாது, நிறத்தைச் சுரண்டினால் போட்டியில் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் நீக்கவேண்டும் என்றார். மேல்வீட்டுப் பெண் அதைக் கையாலும் வாயாலும் மச்சாளுக்குச் சொன்னாள்.

"நீக்கச் சொல்லுங்க" என்றாள் மச்சாள். "பரிசை வாங்கி எங்க வைக்கிற? அந்தக் குளிருக்குள்ளயா?"

எங்கள் குழு இலக்கத்தைப் போட்டிப் பலகையிலிருந்து எடுத்தார்கள். ஹீட்டரை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

புதன்கிழமை பத்திரிகையில் படம் வந்தது. வியாழன் மாலை வீட்டுக்காரரே நேரில் வந்து குசினியில் நின்றார். நானும் அங்கே இருந்தேன். கையில் சுருட்டிய பத்திரிகை. தன் பெயர் நாறிவிட்டதாம், நகரசபையிலிருந்து ஆள் வந்து கேட்கிறதாம், அந்த அட்டையை இப்போதே போய்ப் பிடுங்கவேண்டுமாம். அவர் கத்தி முடிக்கும்வரை மச்சாள் வெங்காயம் அரிந்தாள். முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டு, நிமிர்ந்து, மிக மரியாதையாகச் சொன்னாள்:

"துமென், முசியு."

அந்த மனிதரின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கதவைச் சாத்தவும் மறந்து இறங்கிப் போனார். எனக்கு விசில் அடிக்கவேண்டும்போல் இருந்தது. அடிக்கத் தெரியாது, அதனால் மச்சாளைக் கட்டிப்பிடித்தேன். அவள் மிச்ச வெங்காயத்தை அரியத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை பகல் நிலவறையில் கொதிகலனைத் தட்டித் திருத்தும் சத்தம். திங்கட்கிழமை குழாய்கள் டொக் டொக்கென்று அடித்தன. ஹீட்டர் முதலில் முனகியது, பிறகு சூடேறியது. மச்சாள் உள்ளங்கையை அதில் வைத்து, சுடச்சுட எடுக்காமல் நின்றாள். செவ்வாய் காலை குழந்தையைக் கொண்டுவந்தோம். குழந்தையோடு வாசற்படி தாண்டியதும் பால் காய்ச்சினாள். இந்த முறையும் வழிந்தது, மணி கத்தியது, மேல்வீட்டுப் பெண் ஓடாமல் ஆறுதலாக இறங்கிவந்து தன் குவளையை நீட்டினாள். பூங்காவில் எங்கள் ஹீட்டர் எல்லாச் சிற்பத்துக்கும் முன்னால் உருகியது. நிறம் வெயிலை இழுக்கும் என்றார் அண்ணை.

இப்போது மச்சாளும் அண்ணையும் மொன்ட்ரியாலின் புறநகரான கர்க்லாண்டில் இருக்கிறார்கள். சுவரில் தொட்டால் சூடு ஏறும் பொத்தான். அதை இருபத்தைந்துக்குக் கீழே இறக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. அண்ணை ஜனவரியிலும் பெனியனோடு இருந்து புறுபுறுக்கிறார். சென்ற குளிர்காலம், ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் குழந்தை, எனக்கு மருமகள் முறையானவள், சுற்றுலா போன இடத்திலிருந்து வீடியோவில் அழைத்தாள். ஜப்பான், அந்தத் திருவிழாவேதான். "மாமி, அம்மா, இங்க பாருங்கோ!" என்று கைபேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நாட்காட்டித் தாளில் கண்ட கோட்டையைப்போலவே ஒன்று, அதைவிடப் பெரிதாக, நாலு பக்கமும் விளக்குப் போட்டு நின்றது.

மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் வடிவாத்தான் செஞ்சிருக்காங்க புள்ள" என்றாள். "ஆனா ஒருத்தரும் கையை நீட்டக் காணல்லயே."