ஊறுகாய் ஜாடிக் கைதி

என் பிரஷரை இறக்குவதற்காக வாங்கி வந்த எட்டு மீன்களும் ஒன்றாகச் சேர்ந்து முதல் வாரத்திலேயே அதைப் பத்து ஏற்றிவிட்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்கு என்றால் ஒன்றோடு போயிருக்கும். எனக்கு வாய்த்தது எட்டு கப்பி மீன்கள், எட்டும் ஆண்.

எல்லாம் கண்ணில் தொடங்கியது. இடது கண்ணில் புரை முற்றி, அதன் வழியாகப் பார்த்தால் ஊரே கஞ்சித் தண்ணீராகத் தெரிந்தது. வலது கண்ணிலும் புரை இறங்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் மோகனூர் ரோட்டில் ஓரமாகக் கிடந்த கறுப்பு டிரம் ஒன்றை ஒட்டி மொபெட்டைத் திருப்பினேன். டிரம் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. எருமை. அன்றைக்கே என் வீட்டுக்காரி மொபெட் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கண் ஆபரேஷன் முடிந்துதான் சாவி என்றாள்.

சாவியைக்கூட விட்டுவிடலாம். எங்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. பத்தாயிரம் கோழி. ஷெட்டுக்குள் ஒரு நடை நடந்தால் எந்தக் கோழி சோர்ந்து நிற்கிறது, எது தீவனம் எடுக்கவில்லை என்று கண்ணாலேயே பிடித்துவிடுவேன். முப்பது வருடமாக என் தொழில் அதுதான். அந்தக் கண்ணும் இல்லையென்றால் பண்ணையில் நான் இன்னொரு தீவன மூட்டை. மூட்டையாவது கோழிக்கு உபயோகப்படும்.

சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் பச்சை அங்கி மாட்டி, கண்ணில் சொட்டு விட்டு, கடைசியாகப் பிரஷர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை நூற்றெண்பது. இரண்டாம் தடவை நூற்றுத் தொண்ணூறு. அங்கிருந்த டாக்டர், "கோவம் அதிகமா வருமுங்களா?" என்று கேட்டார்.

"எனக்கா?" என்று கத்தினேன். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து மூன்றாவது தேதி கொடுத்தார். "இந்தத் தடவையும் இறங்கலைன்னா பெரிய டாக்டரைப் பாத்துட்டுத்தான் வரணும். ஊட்ல ஒரு மீன் தொட்டி வைங்க. தினமும் அரை மணி நேரம் சும்மா பாத்துட்டு உக்காருங்க. மனசு அடங்கும்."

மருந்துச் சீட்டில் மீன் தொட்டி என்று எழுதாததுதான் பாக்கி. என் வீட்டுக்காரி டாக்டர் சொல்லைத் தட்டமாட்டாள். ஊருக்குத் திரும்பும் முன் சூரமங்கலத்தில் ஜங்ஷன் பக்கம் இருந்த வளர்ப்பு மீன் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடையை நடத்தியது ஓர் அம்மா. புதிதாக வளர்ப்பவர்களுக்குக் கப்பிதான் தோது, சாதுவான மீன் என்றார். தொட்டிக்குள் வாலை விசிறிக்கொண்டு சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக என்னவோ ஓடின. பக்கத்துத் தொட்டியில் சாணி நிறத்தில் சில நின்றன. அவை பெட்டைகளாம்.

"ஒரு ஆணுக்கு மூணு பெட்டை கணக்குல எடுத்துக்கங்கண்ணா" என்றார்.

"அம்மிணி, நான் பத்தாயிரம் பெட்டைக்கு நடுவுலதான் பொழைக்கிறேன். ஊட்டுக்குள்ளயும் எனக்குப் பெட்டை வேண்டாம்" என்றேன். என் வீட்டுக்காரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சாணி நிறத்தைப் பார்த்தால் யாருக்குப் பிரஷர் இறங்கும்? வாலுள்ளதாக எட்டுப் பொறுக்கினேன். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மீன் பையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸில் வந்தேன்.

இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் மஞ்சள் மீனின் வால் காற்றடித்த வாழை இலை மாதிரி கிழிந்து தொங்கியது. நான்காம் நாள் இன்னொன்று. நான் நாற்காலியைத் தொட்டிக்கு அருகில் இழுத்துப் போட்டு உற்றுப் பார்த்தேன். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடின. "டேய்! யார்ரா அது? உடுறா அவனை!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

"மீனுக்கு எங்கீங்க காது?" என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

அரை மணி நேரம் முடிந்ததும் அவள் பிரஷர் மெஷினை எடுத்து வந்து என் கையில் சுற்றுவாள். பார்ப்பதற்கு முன் எவ்வளவு, பார்த்த பின் எவ்வளவு என்று காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதுவாள். பார்த்த பின்தான் எப்போதும் அதிகம்.

எனக்கு இதில் ஒன்று தெளிவாக இருந்தது. ஒன்றை ஒன்று கடிக்கிற உயிர்களோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். கோழி கொத்திக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நாமக்கல்லில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மீனும் அப்படித்தானே? அதற்கு றெக்கை இல்லை, அவ்வளவுதான்.

கோழி கொத்தினால் முதலில் பார்ப்பது உப்பு. தீவனத்தில் உப்புக் குறைந்தால் கொத்தும். ஒரு சிட்டிகைக் கல்லுப்பைத் தொட்டியில் போட்டேன். கிழிந்த வால்கள் கொஞ்சம் ஆறின. ஆறியதும் மறுபடி கிழிந்தன. அடுத்தது, பராக்குக் காட்டுவது. ஷெட்டில் கீரைக்கட்டைக் கட்டித் தொங்கவிட்டால் கோழிகள் ஒன்றை ஒன்று விட்டுவிட்டு அதைக் கொத்தும். ஒரு கட்டு அரைக்கீரையைத் தொட்டியில் தொங்கவிட்டேன். மறுநாள் தண்ணீர் கீரைக் கடைசலாக இருந்தது. மூன்றாவது, வெளிச்சம். வெளிச்சம் அதிகமானால் கோழிக்கு வெறி ஏறும் என்று ஷெட்டைச் சுற்றிச் சாக்குப்படுதா இறக்கிவிடுவோம். தீவனச் சாக்கைப் பிரித்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். அன்றைக்கும் டாக்டர் சொன்ன அரை மணி நேரம் தவறாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன், சாக்கைப் பார்த்துக்கொண்டு.

என் வீட்டுக்காரி இரண்டு தடவை குறுக்கே போனாள். மூன்றாம் தடவை நின்றாள். "ஏனுங்க, இதுக்கு மீனு எதுக்குங்க? சாக்கு ஊட்லயே நெம்பக் கெடந்துதே."

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு மட்டும்தான் பார்த்த பின் பிரஷர் ஏறாமல் இருந்தது. ஆனாலும் ஓர் ஆண்மகன் சாக்கைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்காருவது? மறுநாள் அவிழ்த்துவிட்டேன்.

மிச்சம் ஒரு வைத்தியம்தான் இருந்தது. பண்ணைகளில் குஞ்சிலேயே அலகை, எங்கள் பேச்சில் மூக்கை, வெட்டிவிடுவார்கள். பிறகு அது கொத்தினாலும் வலிக்காது. மீன் கடை அம்மாவுக்குப் போன் போட்டு, கப்பிக்கு மூக்கை எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்டேன். "எதைங்கண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டார். லைன் சரியில்லை என்று நினைத்து நானும் இரண்டு தடவை சொன்னேன்.

"அண்ணா, அதையெல்லாம் வெட்டக் கூடாதுங்கண்ணா" என்றார் கடைசியில். "ஆணாவே போட்டா அடிச்சுக்கத்தான் செய்யும். பெட்டை போடுங்க. நெறையச் செடி வைங்க, அடிவாங்குனது ஒளிஞ்சுக்க எடம் வேணும்ல? எது கடிக்குதுன்னு நல்லாப் பாத்து, அதை மட்டும் கொஞ்ச நாளு தனியாப் பிரிச்சு வைங்க."

அவர் சொன்னதில் பெட்டையும் செடியும் என் காதில் ஏறவில்லை. பிரித்து வைப்பது ஏறியது. குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். மூன்று நாள் வேவு பார்த்தேன். எந்தச் சண்டையிலும் ஒரு சிவப்பு மீன் இருந்தது. சண்டை இல்லாத நேரத்தில் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு யாரையும் பார்க்காது. திருட்டு முழி. அதற்கு நேர் எதிராக ஒரு நீல மீன். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என் முகத்துக்கு நேராக நிற்கும். எட்டில் மனிதர் முகம் பார்க்கத் தெரிந்த ஒரே ஜீவன். அதற்குத் தினமும் இரண்டு விரல் தீனி கூடுதலாகப் போட்டேன்.

டீ வடிகட்டியால் சிவப்பைப் பிடித்து, மாங்காய் ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடியைக் கழுவி அதில் போட்டேன். என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். "ஏனுங்க, அது..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"கம்முனு இரு புள்ள! கொத்துறது எது, கொத்து வாங்குறது எதுன்னு எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று ஓர் அதட்டல் போட்டேன். அவள் ஜாடியையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாளில் இன்னொரு வால் கிழிந்தது. கூட்டாளி இருக்கிறான் என்று புரிந்தது. ஒரு மஞ்சளைப் பிடித்து நெய் பாட்டிலில் போட்டேன். அதற்கப்புறமும் கிழிந்தது. சத்துமாவு டப்பாவில் ஒன்று, சர்க்கரை பாட்டிலில் ஒன்று. ஜன்னலோரம் வரிசையாகப் பாட்டில்கள். சின்னக் குற்றவாளிகளை மூன்று நாளில் விடுதலை செய்வேன், வேறு ஆளைப் பிடித்துப் போடுவேன். சிவப்புக்கு மட்டும் விடுதலையே இல்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் ஜெயில் வார்டர் போல எண்ணிக்கை எடுத்தேன். விருந்துக்கு வந்த என் மச்சினர் ஒருவர், சர்க்கரை வேண்டும் என்று பாட்டிலை எடுத்து, உள்ளே பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லாமலே காபியைக் குடித்துவிட்டுப் போனார். மாங்காய்க் காலம் வேறு. ஊறுகாய் போட ஜாடி இல்லை என்று என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் அந்த ஜாடிக்குத் தண்ணீர் மாற்றி, தீனி போட்டவளும் அவள்தான். அதையும் நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது தேதி வந்தது. பச்சை அங்கி, சொட்டு மருந்து, பிரஷர். நூற்று எழுபத்தெட்டு. நர்ஸம்மா, "வெளிய அரை மணி நேரம் அமைதியா உக்காருங்க. திரும்பப் பாக்கறோம்" என்றார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே வெறும் சுவர். பார்க்க மீன் இல்லை, கத்த ஆள் இல்லை. அங்கியின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். இது முதல் தடவையும் இருந்தது, இரண்டாம் தடவையும் இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை குஞ்சுக்கு மூக்கு வெட்டச் சொல்லி நின்றிருக்கிறேன்! ஒரு குஞ்சையாவது பயமா இருக்கிறதா என்று கேட்டதில்லை.

"பயமா இருக்குது புள்ள" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா மீனே வாங்கியிருக்க வேண்டாமுங்க" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து நூற்று ஐம்பத்திரண்டு. உள்ளே அழைத்துப் போனார்கள். பத்து நிமிட வேலை. இதற்கா இத்தனை அக்கப்போர் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக நாற்காலிக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு செதிலும் தெரிந்தது. நீலம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நீலமே இல்லை, மயில் கழுத்து. அது வழக்கம்போல என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. தீனிக்காகத்தான். நான் போடவில்லை என்றதும் திரும்பி, பக்கத்தில் போன மஞ்சளின் வாலை ஒரு கடி கடித்தது. பிறகு இன்னொன்றைத் துரத்தியது. மறுபடியும் என்னிடம் வந்து சாதுவாக நின்றது.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். வட்டமாக ஓடும்போது துரத்துகிறவன் யார், ஓடுகிறவன் யார் என்று பார்க்க நல்ல கண் வேண்டும். எல்லாச் சண்டையிலும் சிவப்பு இருந்தது உண்மைதான். எல்லாச் சண்டையிலும் அதுதான் அடி வாங்கியிருக்கிறது. ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வால் பாதிவரை கிழிந்து, கிழிந்த ஓரங்கள் ஆறிப் புது வால் முளைத்துக்கொண்டிருந்தது.

"இங்க வா புள்ள" என்று கூப்பிட்டேன். "கடிச்சது இது இல்ல. அந்த நீலம்."

"ஆமாங்க" என்றாள், சாதாரணமாக.

"உனக்குத் தெரியுமா?"

"கடி தொடங்குன அன்னிக்கே தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னேனுங்க. நீங்க கத்துனீங்க." முந்தானையால் ஜாடியின் வெளிப்புறத்தைத் துடைத்தாள். "அப்பறம் யோசிச்சேன். அந்தச் செவப்புக்கு ஜாடிதான் பத்திரம். வெளிய உட்டா நீலம் கொன்னுபோடும். சரி, அங்கயே இருக்கட்டும்னு தண்ணி மாத்திட்டு உட்டுட்டேன்."

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் நான் அதட்டிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு மீன் பிழைத்துக் கிடந்தது அவளால். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். இந்த மாதிரி எத்தனை தடவை "ஏனுங்க" என்று ஆரம்பித்து உள்ளே போயிருப்பாள் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

"வேற என்னவெல்லாம் சொல்ல வந்தே, நான் கத்துனதுல உட்டுட்டே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜாடியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"அப்படியே உக்காந்திருங்க" என்றாள். "பிரஷர் மெஷின எடுத்துட்டு வாரேன்."