என் விரதத்துக்கு அவர் சுட்ட ஓட்ஸ்

ஓட்ஸ் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது என் வீட்டுக்காரருக்கு இருதய ஆப்பரேஷன் நடந்த பிறகுதான். அதற்கு முன்பெல்லாம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு காலையில் ஓட்ஸ் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கீழே இறங்கினால் தோசை, எதிர்ச்சாரியில் இடியப்பம், நாலு எட்டு வைத்தால் ரொட்டி சானாய். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒட்டுப்பசை மாதிரி ஒன்றைக் கரண்டியில் அள்ளிச் சாப்பிட என்ன தலையெழுத்து என்று நினைப்பேன்.

ஆப்பரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். இவரை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, மூன்று தைப்பூசத்துக்கு மண்டல விரதம் இருந்து பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன், ஒரு குறையும் வைக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். கதவு திறந்து டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது, அது டாக்டரின் பேச்சாக எனக்குக் கேட்கவில்லை. என் விரதம் கெடாத வரைக்கும் என் வீட்டுக்காரர் உயிருக்கு ஒன்றும் வராது என்று அன்றைக்கே மனசில் எழுதிவிட்டேன். படித்தவள்தானே நீ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

முதல் வருஷம் ஒரு வேளைச் சாப்பாடுதான். சுபாங் ஜெயாவில் இருக்கும் என் ஆபீஸுக்குக் காலையில் வெறும் வயிற்றோடு ரயில் ஏறுவேன். ஒருநாள் ரயிலிலேயே மயங்கி விழுந்தேன். யாரோ ஒரு மலாய்ப் பெண் என் போனை எடுத்து அவரை அழைத்திருக்கிறாள். அவர் ஓடி வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது அவரைத்தான் என்று ஸ்டேஷன் ஊழியர்கள் நினைத்துவிட்டார்கள். அந்த வருஷம் எப்படியோ பால்குடம் எடுத்து முடித்தேன்.

இரண்டாம் வருஷ விரதம் தொடங்குவதற்கு முன்பே அவர் கறாராகச் சொன்னார்.

“காலையில சாப்பிடாம நீ வெளிய போகக்கூடாது. சைவமா நானே செஞ்சு தரேன். பட்டினி கிடந்து சாவுன்னு சாமி சொல்லல லா.”

கோயில் குருக்களும் காலைப் பலகாரம் சாப்பிடலாம் என்றார். எனக்கும் ரயிலில் மறுபடி விழ ஆசையில்லை. கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் இருந்தவர் ஆப்பரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தார். போனில் எதையெதையோ பார்த்து, ஓட்ஸைப் பழத்தோடு கலந்து ஓவனில் கேக் மாதிரி சுடக் கற்றுக்கொண்டார். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்து, ஓட்ஸும் பாலும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து, பட்டைத்தூளும் ஏலக்காயும் போட்டு, மேலே ஆப்பிளோ மாம்பழமோ மெல்லிசாக நறுக்கி அடுக்குவார். பந்திங்கில் இருக்கும் அவருடைய அண்ணன் பலாப்பழம் கொடுத்துவிட்டால் அந்த வாரம் பலாச்சுளை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு சுட்டுத் துண்டு போட்டு டப்பாக்களில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், வாரம் முழுக்க நான் காலையில் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கோயில் பஜனைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் சுடுவார். அந்த நேரம் ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

விரத நாட்களில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் எங்கள் வாசற்படியைத் தாண்டாது. ஃப்ரிட்ஜைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன். பாத்திரங்கள் வேறு, கரண்டிகள் வேறு. ஓட்ஸ் சுடுவதற்கென்றே புதுத் தட்டு ஒன்று வாங்கினேன், ஏனென்றால் பழைய தட்டில் ஒரு தீபாவளிக்கு முட்டை போட்ட கேக் சுட்டிருந்தோம். புதுத் தட்டை அவரிடம் கொடுத்துக் காரணத்தைச் சொன்னபோது, பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு கையையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாப்பாடு அருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் பேன்ட்ரியில் டப்பாவைத் திறந்தால் ஏலக்காய் வாசனையில் அடுத்த மேசைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, கையில் எடுத்தால் உதிராமல் நிற்கும். சாப்பிடுவதற்கு முன்னால் டப்பாவைக் கண்ணில் ஒற்றி, அவருக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் முதல் துண்டை வாயில் வைப்பேன். விரதத்துக்கு இவ்வளவு பக்குவமாகச் செய்து தருகிற புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன். அந்த வருஷம் மலையேறும்போது அவர் என் செருப்பையும் தண்ணீர் போத்தலையும் தூக்கிக்கொண்டு, பக்கத்திலேயே வேல் வேல் என்று கத்திக்கொண்டு வந்தார்.

மூன்றாம் வருஷம், கடைசி வருஷம். விரதம் பாதிக்கு மேல் போய்விட்டது. பந்திங்கில் அவருடைய அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இவர் சனிக்கிழமை கிளம்பிப் போனவர், வர நாலைந்து நாள் ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பஜனைக்குப் போகாமல் ஓட்ஸை நானே சுட்டுக்கொள்ளலாம் என்று போன் போட்டேன்.

“ஏங்க, ஓட்ஸ் எப்படிச் செய்றீங்க? சொல்லுங்க, நானே செஞ்சுக்கறேன்.”

“நீ ஏம்மா சிரமப்படுற? கீழ சைவக் கடைதானே, தோசை வாங்கிக்க” என்றார்.

“விரதத்துல நான் வெளிய சாப்பிட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும். சரி, பழத்த நல்லா மசிச்சுக்க. ஓட்ஸ், பால், பட்டை, ஏலக்காய். நல்லா கலக்கி ஓவன்ல வை.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்மா.”

சொன்னபடியே செய்தேன். ஓவனைத் திறந்து கத்தியை வைத்தால் துண்டு விழவில்லை. ஓரம் காய்ந்து, நடுவில் சளசளவென்று கூழாகக் கிடந்தது. பால் கூடிப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளினேன். அடிதான் பிடித்தது. இத்தனை வருஷம் சமைத்தவளுக்கு ஒரு ஓட்ஸ் கட்டவில்லையே என்று என்னையே நொந்துகொண்டு நின்றபோது கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுச் சீன ஆன்டி. எங்களோடு மலாயில்தான் பேசுவார். அவரும் மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் இருக்கிறவர், அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை. கையில் ஒரு சூப் கிண்ணம், அதில் மூன்று முட்டை.

ஓவன் வாசனை வருகிறதே, உன் வீட்டுக்காரர் இன்றைக்கு முட்டை எடுத்துப் போக மறந்துவிட்டாரா என்று கேட்டார்.

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்டி தொடர்ந்து பேசினார். எனக்கு ரத்தம் குறைவு, முட்டை சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நானும் சரி என்றேனாம். சாமிக்கு வைக்கிற பால் இருக்கும் ஃப்ரிட்ஜில் முட்டையை வைக்க நான் விடமாட்டேன் என்பதால் ஆன்டி வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் கேட்டாராம். சாமிக்கும் மரியாதை, உடம்புக்கும் நல்லது, உன் புருஷன் கெட்டிக்காரர் என்று ஆன்டி சிரித்தார். கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

முட்டையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கிண்ணத்தோடு வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டு அவரை அழைத்தேன்.

“ஓட்ஸ்ல முட்டை போட்டீங்களா?”

“யார் சொன்னா?” என்றார்.

என்ன முட்டை என்று கேட்கவில்லை.

“முட்டை இல்லாம அது கட்ட மாட்டேங்குது மா. முதல் தடவ செஞ்சப்ப எனக்கும் கூழாத்தான் போச்சு. அப்புறம் உனக்குச் சத்து வேணும்ல? ரயில்வே ஸ்டேஷன்ல நீ கிடந்தத நான்தானே பாத்தேன்.”

“போன வருஷமும் போட்டீங்களா?”

“போன வருஷமும்தான்.”

“அதச் சாப்பிட்டுட்டா நான் பால்குடம் எடுத்தேன்?”

“எடுத்த. எனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன்?”

போனை வைத்துவிட்டேன். முட்டையைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்த உயிருக்காக நேர்ந்தேனோ அந்த உயிரையே காட்டி என் நேர்த்திக்கடனை ஒன்றுமில்லை என்கிறார். எனக்கு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. நான் கோயிலில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சுட்டது அதற்குத்தான். ஏலக்காயை அள்ளிப் போட்டது முட்டை வாடை தெரியாமல் இருக்க. நான் ஊரெல்லாம் புகழ்ந்த ஏலக்காய். காதில் பூ சுற்றுவார்கள், தெரியும். இவர் மாலையே கட்டிப் போட்டிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு நான் மஞ்சள் சேலையில் மலையேறியிருக்கிறேன், பக்கத்தில் இவர் வேல் வேல் என்று கத்திக்கொண்டு வந்திருக்கிறார். வெளியாள் செய்திருந்தால் சண்டை போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். கூடவே இருந்து கழுத்தறுத்தவரை என்ன செய்வது?

குருக்களிடம் போய்ச் சொன்னேன். தெரியாமல் சாப்பிட்டதில் தோஷம் இல்லை, ஒரு அபிஷேகம் செய்துவிட்டுத் தாராளமாகப் பால்குடம் எடுக்கலாம் என்றார். முருகனுக்கும் உனக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். முருகனைப் பற்றி எனக்கும் சந்தேகமில்லை. ஒரு குறையும் வைக்க மாட்டேன் என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த வாய்க்குள்தான் வாராவாரம் முட்டை போயிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பந்திங்கிலிருந்து ஒரு பெரிய பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். நான் அதைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“நீ போயிட்டா நான் உயிரோட இருந்து என்ன பண்றது? அத நெனச்சுத்தான் போட்டேன்.”

“அதே நெனப்புலதான் நானும் நேர்ந்தேன். ஆனா நான் உங்க இருதய மாத்திரைய எடுத்துட்டு அந்த இடத்துல மிட்டாய் வெச்சேனா? எனக்கு நம்பிக்கையில்லன்னு சொல்லிட்டு வெச்சிருந்தாலும் பரவாயில்ல. சொல்லாம வெச்சேனா?”

பலாப்பழம் பழுத்து வெடித்து வீடெல்லாம் நாறிய பிறகு அவரே தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு ஆன்டியிடம் கொடுத்தார்.

தைப்பூசத்தன்று நான் பால்குடம் எடுக்கவில்லை. மஞ்சள் சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, சாதாரணச் சேலையில் பத்துமலைக்குப் போனேன். வர வேண்டாம் என்று சொல்லியும் அவர் பின்னாலேயே வந்தார். மலையடிவாரத்தில், படி தொடங்குகிற இடத்தில், தலையில் குடத்தோடு பெண்கள் வரிசையாக ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் பக்கத்தில் வந்து வழக்கம்போலக் கையை நீட்டினார், என் செருப்பை வாங்கிக்கொள்ள. நான் கழற்றவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கூட்டத்தில் வேகமாக நடந்து வந்திருப்பார்.

அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே மறுபடி நேர்ந்துகொண்டேன். மூன்று வருஷம், முதலிலிருந்து. இந்த முறை மண்டலம் மட்டும் இல்லை, மூன்று வருஷமும் முழுச் சைவம். யாருக்காக என்பதை மாற்றிச் சொல்லப் பார்த்தேன், அவ்வளவு கோபம். வாயில் அவர்தான் வந்தார். இந்த முறை சத்தமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓட்ஸை நானே சுடுகிறேன். இன்னும் கட்டவில்லை. கூழை டப்பாவில் வழித்துப் போட்டு, ஆபீஸ் பேன்ட்ரியில் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறேன். போன வாரம் அவர் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தைப்பூசம்தான் முடிஞ்சிருச்சே மா. இன்னும் எதுக்கு முட்டை இல்லாம சுடுற?”

“எனக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றேன்.